படிச்சது ஏன் நிக்க மாட்டேங்குது?



2019 மார்ச்சில் எஸ்.பி.எம். முடிவு வந்த அன்று நான் செஜாராவில் தோல்வி. செஜாரா தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது என்ற விதி 2013-இல் இருந்து இருக்கிறது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற பாடங்களில் வாங்கிய மதிப்பெண் எதுவும் அன்று எனக்கு உதவவில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மாதான், "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சானே, ரெண்டு மணி வரைக்கும் படிச்சானே" என்று சமையலறையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய் இல்லை. நான் நிஜமாகவே படித்தேன். ஐந்தாம் படிவப் புத்தகத்தை நான்கு தடவை முழுசாக வாசித்தேன். மஞ்சள் ஹைலைட்டர் மட்டும் மூன்று தீர்ந்துபோனது. கடைசியில் புத்தகத்தில் மஞ்சள் அடிக்காத வரியைத் தேட வேண்டியிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. போக மனசில்லாமல்தான் அம்மாவோடு கோயிலுக்குப் போனேன். சிவபுராணம் ஆரம்பித்தார்கள். நானும் சொன்னேன். மனசு வேறு எங்கேயோ இருந்தது, ஆனால் வாய் நிற்கவில்லை. 95 அடியும் புத்தகம் இல்லாமல் வந்தது. முடிந்த பிறகுதான் உறைத்தது: இதை எட்டு வயதில் படித்தேன், பத்து வருஷம் ஆகிறது, ஒரு அடி போகவில்லை. மூன்று மாதம் முன்னால் படித்த ரீட் ஆணைக்குழு எங்கே போனது? அதே தலைதானே?

இப்போது கிள்ளானில் நம் கிளை நடத்தும் ஞாயிற்றுக்கிழமை படிப்பு வட்டத்தில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளோடு உட்காருகிறேன். போன மாதம் ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணே, வீட்ல படிக்கிறப்ப எல்லாம் தெரியுது. ஹால்ல போய் உக்காந்தா ஒண்ணும் வரல. எனக்கு ஞாபக சக்தி கம்மியா?" அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன சோதனை. கிள்ளானில் இருந்து கே.எல். சென்ட்ரலுக்கு கொமுட்டரில் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். கண்ணை மூடிக்கொண்டு நிலையங்களை வரிசையாகச் சொல்லுங்கள். புக்கிட் பாடாக், பாடாங் ஜாவா, ஷா ஆலாம், பத்து தீகா, சுபாங் ஜெயா… அதற்கு அப்புறம் செத்தியா ஜெயாவா, செரி செத்தியாவா? வகுப்பில் இருந்த 14 பேரில் ஒருத்தர்கூட கடைசி வரை சரியாகச் சொல்லவில்லை. தினமும் அதே வண்டியில் போகிற ஒரு தம்பிக்கும் வரவில்லை. அந்தப் பெயர்களை அவன் எத்தனை நூறு தடவை பார்த்திருப்பான்! கதவுக்கு மேலே எழுதியே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பெயரைக் காட்டினால், "ஆமா, இது தெரியுமே" என்பான். சிக்கல் இங்கேதான். பார்த்ததும் 'தெரியும்' என்று தோன்றுவது ஒன்று, பார்க்காமல் எடுத்துச் சொல்ல முடிவது வேறொன்று. ராத்திரி ரெண்டு மணிக்கு மஞ்சள் கோட்டைப் பார்த்து எனக்கு வந்தது முதலாவது. பரீட்சை மண்டபம் கேட்டது ரெண்டாவதை.

ஞாபகம் என்றதும் நாம் ஒரு பீரோவை நினைத்துக்கொள்கிறோம். உள்ளே போட்டால் இருக்கும், தேடினால் கிடைக்கும், கிடைக்கவில்லை என்றால் பீரோ சின்னது. மூளை அப்படி வேலை செய்வதில்லை. நாம் கவனிக்கிற விஷயம் முதலில் ஒரு சின்ன இடத்தில் நிற்கிறது. யாராவது தொலைபேசி எண் சொன்னால் எழுதும் வரை வாய்க்குள் முணுமுணுப்போமே, அந்த இடம். அதில் ஏழு சங்கதி வரை நிற்கும் என்று ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். நான்குதான் என்பது பின்னால் வந்தவர்கள் கணக்கு. அங்கே இருந்து நீண்ட கால ஞாபகமாக மாற, மூளைக்கு உள்ளே ரெண்டு பக்கமும் இருக்கிற ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வேண்டும். வடிவம் கடற்குதிரை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர்.

இதைக் காட்டிக்கொடுத்தவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். கடுமையான வலிப்பு நோய்க்காக 1953-இல், 27 வயதில், அவருக்கு மூளையில் அறுவை செய்து ரெண்டு பக்க ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு 2008-இல் இறக்கும் வரை அவரால் புதிதாக ஒரு சம்பவத்தையும் மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. இப்போது பேசிவிட்டுப் போன மருத்துவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தால், அவருக்கு அது புது ஆள். பிள்ளைப் பருவத்து நினைவுகள் மட்டும் இருந்தன. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரை ஒரு காரியம் செய்யச் சொன்னார்: கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திரக் கோட்டின் மேல் பென்சிலால் வரைய வேண்டும். மூன்று நாள் பயிற்சியில் அவருடைய கை நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் "இதை நான் இதுக்கு முன்னால செஞ்சதே இல்லையே" என்றுதான் சொன்னார். அதாவது கைப்பழக்கத்தின் ஞாபகத்துக்கு வேறு பாதை இருக்கிறது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் என் பாட்டியைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

மறதியை முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மனியின் எபிங்ஹாஸ். 1885-இல் புத்தகமாகப் போட்டார். அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, ஒரு மணி, ஒரு நாள், ஒரு மாதம் கழித்து அதே பட்டியலைத் திரும்பப் படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கெடுத்தார். ஒரே நாளில் முதல் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அதற்கு அப்புறம் சரிவு மெதுவாகிறது. ஆக, படித்தது மறப்பது உங்கள் குறை இல்லை, எல்லோர் தலையும் அப்படித்தான்.

இப்போது என் தோல்விக்கு நேராகப் பதில் சொல்கிற ஆய்வுக்கு வருகிறேன். 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் செய்தது. ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு குழு அதே பகுதியை ஒரே முறை படித்து, பிறகு மூன்று முறை அதைப் பார்க்காமல் ஞாபகத்தில் வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தால் நான்கு முறை படித்தவர்களே முன்னால்: 83 விழுக்காடு, மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து? நான்கு முறை படித்தவர்கள் 40, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 61.

நான்கு முறை. நான் வாசித்ததும் நான்கு முறைதான். இந்தக் கணக்கைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அப்படியென்றால் ஞாபகம் உறுதியாகிறது உள்ளே போடும்போது மட்டும் இல்லை, வெளியே எடுக்கும்போதுதான் அதிகம். கஷ்டப்பட்டு எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பாதை பலமாகிறது. சுலபமாக வாசித்துக்கொண்டு போனால் சுகமாக இருக்கும், பாதை விழாது.

சிவபுராணம் எனக்கு எப்படி வந்தது என்று அப்போதுதான் யோசித்தேன். ஓதுவார் ஐயா எங்கள் கையில் புத்தகமே தர மாட்டார். அவர் ஒரு அடி சொல்வார், நாங்கள் ரெண்டு தடவை திருப்பிச் சொல்வோம். வேத பாடசாலையில் இதைச் சந்தை சொல்வது என்பார்கள்; ஆயிரக்கணக்கான வருஷமாக நடக்கிற முறை. அடுத்த ஞாயிறு வந்ததும் முதல் வேலை ஒப்பித்தல். போன வாரத்து அடிகளைப் பார்க்காமல் சொல்லணும். திணறினால் ஐயா உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார், ஒரு பெருமூச்சு விடும் நேரம் காத்திருப்பார். அந்த நேரம் நரகமாக இருக்கும். இப்போது தெரிகிறது, மூளை வேலை செய்த நேரமே அதுதான். திருமுறை ஓதும் விழாவுக்குத் தயாரானவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். ஒப்பித்தல் என்பதை நாம் பழைய காலத்துச் சங்கதி என்று ஒதுக்கிவிட்டோம். அதையே இப்போது வெளிநாட்டுப் பேராசிரியர்கள் புள்ளிவிவரத்தோடு சொல்கிறார்கள்.

"அது சரிண்ணே, சில பேருக்குப் பிறவியிலேயே இருக்குல்ல?" என்று ஒரு தம்பி கேட்டான். இருக்கலாம், ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. மதராஸில் 1957-இல் பிறந்த ராஜன் மகாதேவனைப் பாருங்கள். 1981 ஜூலை 5 அன்று மங்களூரில் 'பை' என்ற கணித எண்ணின் 31,811 இலக்கங்களைப் பார்க்காமல் வரிசையாகச் சொல்லி கின்னஸ் சாதனை செய்தார். பிறகு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவரைப் பல வருஷம் ஆராய்ந்தார்கள். எண்களில் அசுரன். ஆனால் பொருள்களின் படத்தைக் காட்டி, எது எந்த இடத்தில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கேட்டால் சாதாரண ஆள்களைவிடத் தேறவில்லை. பழக்கமில்லாத குறியீடுகளை வரிசையாகக் காட்டினால் முதலில் ஆறு ஏழுதான் நின்றது, கல்லூரி மாணவர்கள் மாதிரியே. எண்களுக்கென்று அவர் வளர்த்துக்கொண்ட முறையும் பயிற்சியும்தான் சாதனைக்குப் பின்னால் இருந்தது என்று பின்னால் அவரைச் சோதித்த வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இந்த இடத்தில் வீட்டில் வல்லாரை மாத்திரை கொடுப்பார்கள். வல்லாரை நல்ல கீரை, சாப்பிடுங்கள். செஜாரா அதுக்குள்ள இல்ல.

வாட்சாப்பில் சுற்றுகிற இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன்: "மந்திரம் சொன்னால் மூளை வளரும்." இதற்குப் பின்னால் ஒரு நிஜமான ஆய்வு இருக்கிறது. ஜேம்ஸ் ஹார்ட்ஸெல் என்பவரும் குழுவினரும் இந்தியாவில் யஜுர்வேதம் முழுசாக மனப்பாடம் செய்த 21 பண்டிதர்களின் மூளையைப் படம் எடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்டார்கள். மொழிக்கும் நினைவுக்குமான சில பகுதிகளில் சாம்பல் நிறத் திசு பண்டிதர்களுக்குக் கூடுதலாக இருந்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் அது ஒரு நேரத்தில் எடுத்த படம். பயிற்சியால் வளர்ந்ததா, அப்படிப்பட்ட மூளை உள்ளவர்களே அந்தப் படிப்பில் நிலைத்தார்களா என்று அந்த ஒரு படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. இந்து இளைஞர்கள் நாமே இதை மிகைப்படுத்திப் பரப்பினால், கேள்வி கேட்கிறவர் முன்னால் நமக்குத்தான் அவமானம்.

சரி, வெளியே எடுக்க எடுக்க உறுதியாகும் என்றேன். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்டது பிரிக்பீல்ட்ஸில்.

2010 அக்டோபர் 27 அன்று பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவை நம் பிரதமராக இருந்த நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் திறந்து வைத்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா தோள் மேல் உட்கார்ந்து பார்த்தேன். சிற்பம் செதுக்கிய பெரிய கல் தோரண வாசல், அதற்குக் கீழே நீலத் தலைப்பாகையோடு மன்மோகன் சிங் கை அசைக்கிறார். இதைக் கூட்டாளிகளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! வெயில் சுட்டது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

ரெண்டு வருஷம் முன்னால் வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீ எங்கடா போனே? அன்னைக்கு உனக்கு அம்மை போட்டிருந்துச்சு. வேப்பிலை வச்சு வீட்டுக்குள்ளதான் படுக்க வச்சிருந்தேன். டிவில காட்டினாங்க, பார்த்தே." நான் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்குத்தான் வயசாகிவிட்டது என்று சண்டை போட்டேன். பிறகு தேடிப் பார்த்தேன். சாஞ்சி ஸ்தூபியின் வாசலைப் போலக் கட்டிய அந்தத் தோரண வாசல் திறக்கப்பட்டது 2015 நவம்பர் 23 அன்று. திறக்க வந்தவர் நரேந்திர மோடி. நான் 'பார்த்த' காட்சி நடந்திருக்கவே முடியாது. மன்மோகன் சிங் நின்றிருக்கக்கூடிய அந்த வாசல் அப்போது உலகத்திலேயே இல்லை.

டிவியில் பார்த்த தலைப்பாகை, பின்னால் தினமும் கடந்துபோன வாசல், வேறு ஏதோ ஒரு தைப்பூசத்தில் அப்பா தோளில் உட்கார்ந்த வெயில், மூன்றையும் மூளை சேர்த்துத் தைத்துவிட்டது. ஞாபகம் என்பது எடுத்து வைத்த வீடியோ இல்லை. ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் துண்டுகளை வைத்துப் புதிதாகக் கட்டுகிறோம். கட்டியதைத் திரும்ப உள்ளே வைக்கிறோம். நான் கதையைச் சொல்லச் சொல்லப் பொய்யும் உறுதியானது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அமெரிக்காவில் உல்ரிக் நைசர் என்ற பேராசிரியர், செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார். சுமார் இரண்டரை வருஷம் கழித்து 44 பேரிடம் அதையே திரும்பக் கேட்டார். 11 பேர் சொன்னதில் ஒரு விவரம்கூடப் பழைய தாளோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் பலர் அடித்துச் சொன்னார்கள். எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்பதும் எவ்வளவு சரி என்பதும் வேறு வேறு. நட்பிலும் குடும்பத்திலும் "நீ அன்னைக்கு இப்படித்தான் சொன்னே" என்று ஆரம்பிக்கிற சண்டைகளுக்கு இது பொருந்தும். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் முன்னோர் இந்த ஆபத்தை அறிந்திருந்தார்கள் என்றே எனக்குப் படுகிறது. வேதத்தை நேராக மட்டும் ஓதினால் போதாது என்று, சொற்களை மாற்றி மாற்றிக் கோக்கிற பாடங்களை வைத்தார்கள். கிரம பாடத்தில் 1-2, 2-3, 3-4 என்று போகும். ஜடையில் 1-2, 2-1, 1-2. கனத்தில் 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3. ஒரு சொல் நழுவினாலும் இடம் மாறினாலும் அடுத்த கோவையில் இடித்துவிடும். பக்கத்தில் ஓதுகிறவர் காதுக்கும் தப்பாது. எடுக்கிற வேலையும் சரிபார்க்கிற வேலையும் சேர்ந்தே நடக்கிறது. வேதம் ஓதும் இந்த மரபை யுனெஸ்கோ 2003-இல் மனித குலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

இந்த ரெண்டையும் வைத்துத்தான் அதே 2019-இல் மறுதேர்வுக்கு உட்கார்ந்தேன். ஒரு பாடம் ஒரு தடவை வாசிப்பேன். புத்தகத்தை மூடுவேன். வெள்ளைத் தாளில் தெரிந்ததை எழுதுவேன். முதல் வாரம் அரைப் பக்கம்கூட வரவில்லை, வெறுப்பாக இருந்தது. பிறகு புத்தகத்தைத் திறந்து சிவப்புப் பேனாவால் என் தப்பைத் திருத்துவேன். திருத்தாமல் விட்டால் என் மன்மோகன் சிங் கதைதான். மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, திரும்ப வெள்ளைத் தாள். ராத்திரி ரெண்டு மணிக் கூத்தை விட்டேன். படித்தது கெட்டியாகத் தூக்கம் வேண்டும்.

வெறும் வருஷங்களை ஒப்பிப்பதாலும் பயன் இல்லை. 1946 மலாயன் யூனியன், 1948 மலாயாக் கூட்டரசு என்று தனித்தனியாகப் படித்தபோது ரெண்டும் குழம்பின. 'ஏன்' என்று கேட்டபோது நின்றன. யூனியன் சுல்தான்களின் அதிகாரத்தைப் பறித்தது, குடியுரிமையைத் தளர்த்தியது, மலாய்க்காரர்கள் எதிர்த்து அதே வருஷம் அம்னோவைத் தொடங்கினார்கள், பிரிட்டிஷார் இறங்கி வந்தார்கள், கூட்டரசு பிறந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றது கூட வருகிறது. கொமுட்டரில் நின்றுகொண்டே இதைச் சொல்லிப் பார்ப்பேன். ஷா ஆலாமில் தொடங்கினால் சுபாங் ஜெயாவுக்குள் 1957 வந்துவிடும். தேறினேன். பெரிய மதிப்பெண் இல்லை, ஆனால் சான்றிதழ் வந்தது.

பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். காப்பார் பக்கம் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இப்போது மறதி நோய். இந்த நோய் ஹிப்போகேம்பஸைத்தான் சீக்கிரமாகப் பிடிக்கிறது. அதனால் காலையில் சாப்பிட்டது மத்தியானம் தெரியாது. என்னைப் பெரியப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். வருகிற உறவினர் எல்லோரும் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, "நான் யாரு சொல்லுங்க? ஞாபகம் இருக்கா?" என்று கேட்கிறார்கள். அன்பால்தான் கேட்கிறார்கள். ஆனால் பாட்டி பயந்துபோய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறார். மாணவருக்கு நான் சொன்ன மருந்து இவருக்கு ஆகாது. எடுக்க முடியாதவரை எடு என்று நெருக்கினால் வலி மட்டும்தான் மிச்சம். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் தயவுசெய்து சோதிக்காதீர்கள். "பாட்டி, நான் உங்க பேரன் வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

கையில் கரண்டியைக் கொடுத்தால், மரத்தில் கோடு இழுக்கிற மாதிரி சரித்துப் பிடிக்கிறார். மொலைசனின் கை நினைவிருக்கிறதா, அதே பாதை. சிவபுராணமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பக்கத்தில் உட்கார்ந்து முதல் அடியை ஆரம்பிப்பேன். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கூடவே வருவார். போன வாரம் நடுவில் நான் ஒரு அடியை விட்டுவிட்டேன். அவர் நிறுத்தி, என் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, விட்ட இடத்தில் இருந்து திரும்பத் தொடங்கினார்.